தாவரவியல் அறிஞர் ஜானகி அம்மையார்

பூந்தமல்லியிலிருந்து சென்னையை நோக்கி நெடுஞ்சாலையில் செல்வோர் மதுரவாயலைக் கடந்தே செல்ல வேண்டும். இன்று அவ்வூர் மேம்பாலமும் புறவழிச்சாலைச் சந்திப்பும் ஓயாத வாகன இரைச்சலுமாகக் காட்சியளிக்கிறது. 2011ஆம் ஆண்டில் சென்னை மாநகராட்சியோடு இணைக்கப்பெற்ற அவ்வூர், ஐம்பது ஆண்டுகளுக்கு முன்னர் வயலும் தோப்பும் ஏரியும் சூழ்ந்த சிற்றூராகவே இருந்தது. அங்கே, சென்னைப் பல்கலைக்கழகத் தாவரவியல் உயராய்வு மையத்தின் கள ஆய்வகத்தில், உலகப் புகழ் பெற்ற அறிஞர் ஒருவர் 1970ஆம் ஆண்டின் இறுதியில் வந்து தங்கினார். 1984ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் 7ஆம் நாள் தம் உயிர் பிரியும் வரை அங்கேயே ஆராய்ந்து கொண்டிருந்தார். அவரே எடவலத்து கக்கத்து ஜானகி அம்மாள்.

வந்தவாசி, ஆரணி, திண்டிவனம் பக்கத்துச் சிற்றூர்களிலிருந்து வேலையின் பொருட்டும் பிள்ளைகளின் படிப்பின் பொருட்டும் ஆவடி, அம்பத்தூர், பூந்தமல்லி ஆகிய இடங்களில் வந்து குடியேறிய குடும்பங்கள் நம்முள் பல. யானும் அவ்வாறு வந்தவளே. ஆசிரியப் பயிற்சி முடித்துப் பணியில் சேர்ந்த காலத்தில் பூந்தமல்லியில் குடியிருந்தேன். மாதம் இருமுறையேனும் பேருந்தில் மதுரவாயலைக் கடந்து சென்றேன். வகுப்பில் இலையையும் வேரையும் கரும்பலகையில் வரைந்து காட்டுவேன். பிள்ளைகளை இலை பறித்து வரச் செய்து, பழைய செய்தித்தாளின் இடையே அழுத்தி உலர்த்தவும் பழக்குவேன். ஆயினும், பேருந்துச் சாளரத்திற்கு அப்பால் சில நூறு அடித் தொலைவில் இருந்த அம்மையாரைப் பற்றி யான் ஒன்றும் அறிந்திலேன். அவர் மறைந்து பல ஆண்டுகள் கழிந்த பின்னரே அவருடைய வரலாற்றைப் படித்தேன். என் மாணவிகள் ஒருவரையேனும் அங்கே அழைத்துச் சென்று காட்டாமற் போனேனே என்னும் குறை இன்றும் எனக்கு உண்டு. அக்குறையைச் சிறிதேனும் தீர்த்துக் கொள்ளவே இதனை எழுதுகிறேன்.

அம்மையார் 1897ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் 4ஆம் நாள் தலைச்சேரியில் பிறந்தார். அந்நாளில் மலபார் மாவட்டம் சென்னை மாகாணத்தைச் சேர்ந்திருந்தது. தந்தையார் கிருஷ்ணன் என்பார் சார்பு நீதிபதியாக விளங்கியவர். திவான் பகதூர்ப் பட்டம் பெற்றவர். நீதிமன்ற அலுவல் போக எஞ்சிய பொழுதையெல்லாம் தோட்டத்திலும் நூலறையிலும் கழித்தவர் அவர். வட மலபாரின் பறவைகளைப் பற்றி நூல் எழுதும் அளவுக்கு அவருக்கு இயற்கையில் ஈடுபாடு இருந்தது. தாயார் தேவி. பெரிய குடும்பம், உடன்பிறந்தோர் பலர். தீயர் குலத்தில் பிறந்ததனாலும், தாய்வழிப் பாட்டனார் ஓர் ஆங்கிலேய அதிகாரியாக இருந்ததனாலும், சாதியைப் பெரிதாகக் கருதிய அக்காலச் சமூகத்தில் அம்மையார் பட்ட மனவருத்தங்கள் பல.

தலைச்சேரியில் பள்ளிப் படிப்பை முடித்தபின் சென்னை இராணி மேரி கல்லூரியில் பயின்றார். 1921இல் மாநிலக் கல்லூரியில் தாவரவியலில் சிறப்புப் பட்டம் பெற்றார். சென்னை மகளிர் கிறித்தவக் கல்லூரியில் ஆசிரியப் பணியும் ஏற்றார். அக்கா தங்கையர் ஒருவர் பின் ஒருவராக மணம் முடித்துச் செல்ல, இவருக்கும் உறவினர் ஒருவரோடு மணம் பேசினர். அவ்வமயம் அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்திலிருந்து, ஆசிய நாட்டு மகளிர்க்கென ஏற்பட்ட பார்பர் உதவித்தொகை இவரைத் தேடி வந்தது. மண மேடையா, கப்பலா என்னும் வினாவுக்கு அம்மையார் கப்பல் என்றே விடை கண்டார். 1924இல் புறப்பட்டார். அங்கு முதுகலைப் பட்டம் பெற்றுத் திரும்பிச் சிறிது காலம் கற்பித்தபின், மீண்டும் அங்கே சென்று 1931இல் அறிவியல் முனைவரானார். தாவரவியலில் அமெரிக்கப் பல்கலைக்கழகத்தின் முனைவர் பட்டம் பெற்ற முதல் இந்தியப் பெண்மணி இவரே என்பர். அங்கே அவர் ஆராய்ந்த செடிகளுள் கத்தரியும் ஒன்று. அவர் உருவாக்கிய கலப்பினக் கத்தரி அவர் பெயராலேயே வழங்கலாயிற்று.

திருவனந்தபுரத்தில் ஈராண்டு பேராசிரியராக இருந்துவிட்டு 1934இல் அம்மையார் கோயம்புத்தூர்க் கரும்பு ஆராய்ச்சி நிலையத்தில் சேர்ந்தார். நம் ஊர்ப்புறங்களில் ஆலைக்குக் கரும்பு பயிரிடுவோர் இப்பகுதியைச் சற்று நின்று படிக்க வேண்டும். 1912இல் அரசு நிறுவிய அந்நிலையத்தில், பருத்து இனிக்கும் நாட்டுக் கரும்பையும், ஆற்றங்கரையில் தானே வளரும் இனிப்பற்ற காட்டுக் கரும்பையும் கலந்து, நோயையும் வறட்சியையும் தாங்கும் புதுக் கரும்பை உண்டாக்கியிருந்தனர். அதன் முதல் வெளியீடான கோ 205 என்னும் வகை 1918இலேயே வட இந்திய உழவர்களிடம் சென்று சேர்ந்தது. பார்பர் என்னும் ஆங்கிலேயரும் வேங்கடராமன் என்னும் நம்மவரும் இதனைச் செய்தவர்கள். ஒருவரும் நட்டு வளர்க்காத காட்டுப் புல்லொன்று கோடிக்கணக்கான உழவர்க்கு வாழ்வு தந்தது என்பதை நாம் எண்ணிப் பார்ப்பதில்லை.

அம்மையார் அந்நிலையத்தில் செய்தது, அப்புல்லின் உயிரணுவுக்குள் சென்று பார்க்கும் பணி. ஒவ்வோர் உயிரணுவினுள்ளும் குரோமோசோம்கள் எனப்படும் நுண்ணிய இழைகள் உள்ளன. பெற்றோரின் இயல்பு பிள்ளைக்கு வருவது அவற்றின் வழியாகத்தான். வேரின் இளநுனியை வெட்டிச் சாயமூட்டி நுண்ணோக்கியின் கீழ் வைத்தால் அவற்றை எண்ணலாம். எண்ணிக்கையைக் கொண்டு எச்செடி எதற்கு உறவு, எது மூத்தது, எது பின்னர்த் தோன்றியது என்று கூறவும் இயலும். நம் வீடுகளில் பெரியோர் கோத்திரமும் உறவுமுறையும் கேட்டுத் தெரிந்து கொள்வதைப் போன்றதே இது. கேட்பதற்கு வாயில்லாத செடியிடம் கேட்பதனால் சற்றுக் கடினம். கரும்பை மக்காச்சோளத்தோடும் பிற புல்லினங்களோடும் கலந்து அம்மையார் பல புதிய கலப்பினங்களை உண்டாக்கினார். காட்டுக் கரும்பு எங்கெங்கே பரவியுள்ளது என்று ஆராய்ந்து, அதன் பிறப்பிடம் நம் நாடே எனக் கருதத் தக்க சான்றுகளையும் காட்டினார். 1935இல் இந்திய அறிவியல் கழகம் அவரைத் தன் உறுப்பினராக ஏற்றது.

இத்துணைச் செய்தும் கோவையில் அவருக்கு மன அமைதி இருக்கவில்லை. தனித்து வாழும் பெண், மேற்குலத்தில் பிறவாதவர், உடன் பணிபுரிந்த ஆடவர் பலரினும் மிகுதியாகக் கற்றவர் என்னும் மூன்றும் ஒருங்கே சேர்ந்தால் அக்காலத்தில் என்ன நேரும் என்று யான் விரிக்க வேண்டுவதில்லை. 1939இல் எடின்பரோ நகரில் நடைபெற்ற மரபியல் மாநாட்டிற்குச் சென்றார். அவ்வமயம் உலகப் போர் மூண்டது. அம்மையார் இங்கிலாந்திலேயே தங்கிவிட்டார்.

இலண்டன் நகரையடுத்த ஜான் இன்னஸ் தோட்டக்கலை ஆய்வு நிலையத்தில் அவருக்கு வேலை கிடைத்தது. இரவில் குண்டு விழும்போது கட்டிலின் அடியில் படுத்துக் கொள்வதும், பொழுது விடிந்ததும் தட்டுகளில் சிதறிய கண்ணாடித் துண்டுகளைக் கூட்டித் தள்ளிவிட்டு ஆய்வைத் தொடர்வதும் வழக்கமாயின. இந்தியாவிலிருந்து சேலை மடிப்பில் ஒளித்து அணிற்பிள்ளை ஒன்றை அங்குக் கொண்டுசென்று வளர்த்தார் என்று அவர் குடும்பத்தார் கூறுவர். சுங்க அதிகாரிகள் என்ன செய்தனரோ! டார்லிங்டன் என்னும் அறிஞரோடு சேர்ந்து அவர் தொகுத்த, பயிர்த் தாவரங்களின் குரோமோசோம் எண்ணிக்கையைக் கூறும் பெருநூல் 1945இல் வெளிவந்தது. பின்னர் அரச தோட்டக்கலைச் சங்கத்தின் விஸ்லி தோட்டத்தில் ஊதியம் பெறும் அறிவியலாளராக அமர்ந்தார். அங்கு அவர் உண்டாக்கிய மக்னோலியா மரவகை ஒன்று ஜானகி அம்மாள் என்னும் பெயராலேயே இன்றும் இளவேனிலில் வெண்ணிறப் பூக்களைச் சொரிகிறது.

நாடு விடுதலை பெற்றபின், பிரதமர் நேருவின் அழைப்பை ஏற்று 1951இல் அம்மையார் தாயகம் திரும்பினார். நடுவண் அரசு அவரிடம் ஒப்படைத்த பணி, இந்தியத் தாவரவியல் மதிப்பாய்வு நிறுவனத்தைச் சீரமைப்பது. 1890இல் ஆங்கிலேயர் கல்கத்தாவில் தொடங்கிய நிறுவனம் அது. நாட்டில் எங்கே எம்மரம் உண்டு, அதனால் என்ன வருவாய் வரும் என்று அறிவதே அவர்களின் முதல் நோக்கம். திரட்டிய செடிகளின் மாதிரிகள் பல கடல் கடந்து சென்றன. விடுதலைக்குச் சற்று முன்னரே நிறுவனம் ஏறத்தாழச் செயலற்றுக் கிடந்தது. இந்நாட்டுத் தாவரங்களை இந்நாட்டார் இந்நாட்டிலேயே ஆராய வேண்டும், அவ்வறிவு இந்நாட்டு மக்களுக்கே பயன்பட வேண்டும் என்பது அம்மையாரின் உறுதியான கருத்து. 1952இல் தனி அலுவலராகப் பொறுப்பேற்றுத் திட்டம் வகுத்தார். 1954இல் நிறுவனம் புத்துயிர் பெற்றது. பின்னர்க் கோவையிலும் ஷில்லாங்கிலும் பிற இடங்களிலும் வட்டார அலுவலகங்கள் தோன்றின.

எனினும், நிறுவனத்தின் தலைமைப் பதவி அவருக்குக் கிட்டவில்லை. மத்தியத் தாவரவியல் ஆய்வகத்தின் இயக்குநராக அலகாபாத்தில் பணியாற்றினார். தலைமைப் பொறுப்பு சில ஆண்டுகளில் ஐரோப்பியரான சந்தாப்பவ் பாதிரியாரிடம் சென்றது. அவரும் பெரும்புலமையாளரே, மும்பையில் நெடுங்காலம் ஆசிரியராக இருந்தவர், அவரைக் குறை கூறுவது என் நோக்கமன்று. ஆனால், பழைய முறையில் செடி திரட்டிப் பெயர் சூட்டும் வேலையே மீண்டும் முதன்மை பெறும், உயிரணு ஆராய்ச்சியும் மக்களின் வாழ்வோடு கூடிய ஆராய்ச்சியும் பின்தள்ளப்படும் என்று அம்மையார் அஞ்சினார். அவ்வருத்தம் நெடுநாள் அவரை விட்டு நீங்கவில்லை.

இக்காலத்தில் அவர் நாட்டின் காடுகளைச் சுற்றி வந்தார். உணவுப் பற்றாக்குறையைப் போக்க அரசு நடத்திய அதிக உணவு உற்பத்தி இயக்கத்தின் பெயரால் காடுகள் வெட்டப்பட்டு நிலமாக்கப்பட்ட காலம் அது. பசித்தவர்க்குச் சோறு வேண்டும் என்பதை அம்மையார் மறுத்தவரல்லர். கரும்பிலும் கத்தரியிலும் விளைச்சலைப் பெருக்கப் பாடுபட்டவர் அவர். ஆனால் ஷில்லாங்கிலிருந்து 37 மைல் தொலைவு, அசாம் பகுதியில் அரிதாக நின்ற மக்னோலியா மரம் ஒன்றைத் தேடிச் சென்றபோது, அது எரிக்கப்பட்டுவிட்டதைக் கண்டார். அப்பக்கத்தில் அவ்வினத்தில் எஞ்சியிருந்தது அந்த ஒரு மரமே. உயிரணுவை எண்ணிப் பார்ப்பதற்கு முன்னரே உயிர் போய்விட்டது.

1955ஆம் ஆண்டு ஜூன் திங்களில் அமெரிக்காவின் பிரின்ஸ்டன் நகரில் ஒரு பெருங்கருத்தரங்கு கூடியது. மனிதன் இப்பூமியின் முகத்தை எவ்வாறு மாற்றிவிட்டான் என்பதே பொருள். எழுபதுக்கும் மேற்பட்ட அறிஞர் கூடிய அவையில் அழைக்கப்பட்ட பெண் அம்மையார் ஒருவரே. அவர் எடுத்துக் கொண்ட பொருள் இந்தியாவின் பிழைப்பு வேளாண்மை. சந்தைக்கென்று அன்றித் தம் வயிற்றுக்கென்றே பயிரிடும் மக்களின் வாழ்க்கையை அவர் எடுத்துரைத்தார். காடுகளில் வாழும் பழங்குடியினர் எத்தனை வகைக் கிழங்கையும் கீரையையும் சிறுதானியத்தையும் காப்பாற்றி வைத்துள்ளனர், தாய்வழி உரிமை உள்ள குடிகளில் பெண்களே அவ்விதைகளுக்கும் செடிகளுக்கும் எவ்வாறு காவலராயினர், ஒரே தானியத்தைப் பெருமளவில் விளைவிக்கும் புதுமுறையால் அவர்கள் எதனை இழக்கின்றனர் என்பனவற்றையெல்லாம் விளக்கினார்.

நம்மவருள் கிழங்கு உண்ணாதார் பலராதலின், அம்மையார் வள்ளிக்கிழங்கு இனங்களை ஆண்டுக்கணக்கில் ஆராய்ந்தார் என்பது சிலருக்கு வியப்பாக இருக்கலாம். கோடையில் வேறொன்றும் கிட்டாத காட்டுவாசிக்குக் கிழங்கே உயிர்ப்பிடி. தாம் உண்ணாததையும் பிறர்க்கு வேண்டுமென்று காப்பதில் தவறொன்றும் இல்லை என்றே நினைக்கிறேன்.

இன்று சுற்றுச்சூழல் நீதி என்னும் சொல்லைச் செய்தித்தாள்களில் காண்கிறோம். காடும் ஆறும் கெடும்போது அதன் சுமை எவர் தலையில் விழுகிறது, ஆதாயம் எவர் கைக்குச் செல்கிறது என்று கேட்பதே அச்சொல்லின் பொருள். அச்சொல் வழக்கில் வருவதற்கு முன்னரே அவ்வினாவை ஓர் அரசாங்க விஞ்ஞானி அறிஞர் அவையில் எழுப்பினார் என்பதே இவ்வரலாற்றில் என்னை மிகவும் கவர்ந்தது. அரசின் சம்பளம் பெற்றுக் கொண்டு அரசின் இயக்கத்தால் விளையும் கேட்டையும் எடுத்துரைப்பது எளிதன்று. முப்பத்தைந்து ஆண்டுகளுக்கு மேல் பள்ளியில் சம்பளம் பெற்ற எனக்கு அது தெரியும். சுற்றறிக்கை தவறு என்று தெரிந்தும் கையெழுத்திட்ட நாள்கள் எனக்கும் உண்டு.

அலகாபாத்திற்குப் பின் ஜம்முவில் இருந்த மண்டல ஆய்வகத்தில் மூலிகைகளை ஆராய்ந்தார். டிராம்பேயிலும் சில காலம் இருந்தார். 1970 நவம்பரில் சென்னைக்கு வந்து தகைசால் விஞ்ஞானியாக மதுரவாயல் கள ஆய்வகத்தில் தங்கினார். அப்போது அகவை எழுபத்து மூன்று. என் இன்றைய அகவையும் ஏறத்தாழ அதுவே. மாடிப்படி ஏறுவதற்கே மூச்சு வாங்கும் இவ்வயதில் அவர் புதிதாக மூலிகைத் தோட்டம் போட்டார். மஞ்சள் நிறச் சேலை, காந்திய எளிமை, வேண்டிய அளவே உடைமை என்று அவர் வாழ்ந்தார். மிகுபொருள் விரும்பாமையைப் போற்றும் நாம் அவ்வாழ்க்கையை எளிதில் புரிந்து கொள்ளலாம். பூனைகளும் குட்டிகளுமாக ஒரு பெருங்கூட்டம் அவரோடு வாழ்ந்தது. குட்டிக்குக் குட்டி உள்ள நுண்ணிய வேறுபாட்டைக்கூட அவர் மரபியல் நோக்கிலேயே கவனித்து வந்தாராம். 1977இல் அரசு அவருக்குப் பத்மஸ்ரீ விருது அளித்தது.

இக்காலத்தில்தான் அமைதிப் பள்ளத்தாக்குச் சிக்கல் எழுந்தது. பாலக்காடு மாவட்டத்தில் மேற்குத் தொடர்ச்சி மலையில் குந்திப்புழை ஆறு பாயும் மழைக்காடு அது. சைலண்ட் வேலி என்று அதனை உலகம் அறியும். ஆற்றின் குறுக்கே ஏறத்தாழ 130 மீட்டர் உயரத்தில் அணை கட்டி, 120 மெகாவாட் மின்சாரம் எடுக்கக் கேரள மின் வாரியம் திட்டமிட்டது. 1973இல் திட்டக்குழு இசைவளித்தது. கட்டியிருந்தால் ஏறத்தாழ 830 எக்டேர் காடு நீரில் மூழ்கியிருக்கும். மூழ்கும் பரப்பு சிறிது என்றனர் மின் வாரியத்தார். ஆனால் சிங்கவால் குரங்கு முதலிய அரிய உயிர்கள் வாழும் காட்டின் நடுப்பகுதி அது. உடலில் இதயத்தின் பரப்பும் சிறிதுதானே!

அணையை வேண்டியவர்களைக் கொடியவர் என்று எழுதிவிட்டுப் போவது எனக்கு உடன்பாடன்று. மலபார்ப் பகுதி மின்சாரத்தில் மிகவும் பின்தங்கியிருந்தது. விளக்கில்லாத வீட்டில் படிக்கும் பிள்ளைக்கு நீதி வேண்டாமா என்று அவர்கள் கேட்டனர். கேள்வி நியாயமானதே. கேரள சாஸ்திர சாகித்ய பரிஷத் என்னும் அறிவியல் இயக்கத்தார் இதனைப் பொருட்படுத்திக் கணக்குப் பார்த்தனர். அவர்களுள் பள்ளி ஆசிரியர் மிகப் பலர் என்பதில் எனக்குப் பெருமை. மாநிலத்தின் மின்சாரம் வெளியே விற்கப்படுகிறது, மலபாருக்குக் கொண்டு செல்லக் கம்பித் தடம் போதாமையே குறை, வேறு வழிகளும் உண்டு என்று 1979இல் அறிக்கை வெளியிட்டனர். கவிஞர் சுகதகுமாரி முதலியோர் கவிதையாலும் மேடையாலும் மக்களைத் தட்டி எழுப்பினர்.

தலைச்சேரியில் பிறந்த, மலபார் மகளான அம்மையார் எண்பது வயதில் தமக்குத் தெரிந்த ஒன்றைச் செய்யத் துணிந்தார். குந்தி ஆற்றின் நீர் புகுந்து ஏரியாகிவிடப் போகும் அக்காட்டின் மரங்களையெல்லாம் குரோமோசோம் கணக்கெடுப்புச் செய்வது என்று முடிவு செய்து, தம் நண்பர்க்கும் எழுதினார். காட்டின் வாக்காளர் பட்டியல் போன்றது அக்கணக்கு. இன்னின்னார் இங்கே வாழ்கின்றனர், இவர்களுக்கு இவர்கள் உறவு, வேறெங்கும் இவர்கள் இலர் என்று எழுதி வைத்தால், இங்கே ஒன்றுமில்லை என்று எவரும் கூற முடியாதல்லவா? அதுகாறும் காட்டைக் கன அடியில் அளந்த அரசாங்கத்தின் முன் வேறோர் அளவுகோலை வைத்தார் அவர். பிண்டி மரத்தின் நிழலில் வீற்றிருக்கும் அருகனை வணங்கி, மரத்தை ஓரறிவுயிர் என்று குழந்தைக்குச் சொல்லிக் கொடுக்கும் நமக்கு அந்த அளவுகோல் புதியதன்று.

அம்மையாரின் ஆய்வே அணையை நிறுத்தியது என்று கூறினால் அது மிகையாகும். தேசியச் சுற்றுச்சூழல் குழுவின் பணிக்குழு 1976இலேயே திட்டத்தைக் கைவிடுவது நலம் என்று கூறியிருந்தது. இயலாதாயின் காப்புகள் வேண்டும் என்றும் அக்குழுவே சேர்த்துக் கூறியமையால், கட்ட விரும்பினோர் அவ்வழியைப் பற்றிக் கொண்டனர். வேளாண் துறைச் செயலராயிருந்த சுவாமிநாதன் அவர்கள் காட்டைப் பார்வையிட்டு, அதனைக் காக்க வேண்டும் என்று பரிந்துரைத்தார். இறுதியில் மேனன் என்னும் இயற்பியல் அறிஞரின் தலைமையில் நடுவண் அரசும் மாநில அரசும் சேர்ந்து அமைத்த குழு ஆராய்ந்தது. 1983இல் பிரதமர் இந்திரா காந்தி அம்மையார் திட்டத்தைக் கைவிடச் செய்தார். 1984 நவம்பர் 15ஆம் நாள் அமைதிப் பள்ளத்தாக்கு தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. ஜானகி அம்மையார் மறைந்து அப்போது ஒன்பது திங்கள் கழிந்திருந்தன. அணைக்கு எதிராகத் தெருவில் நின்றோர்க்கு அரசாங்கத்தின் அறிவியலாளர் சிலர் கையில் சான்றுடன் துணை நின்றமையாலேயே அவ்வெற்றி கிட்டியது.

இதிலும் ஒரு குறை உண்டு. அப்பள்ளத்தாக்கை அடுத்த அட்டப்பாடியில் இருளர், முதுகர், குறும்பர் ஆகிய பழங்குடியினர் வாழ்கின்றனர். காடு காப்பாற்றப்பட்டது, அவர்கள் நிலை அந்த அளவுக்கு உயர்ந்தது என்று கூற இயலாது. பிரின்ஸ்டன் அவையில் அம்மையார் காட்டையும் காட்டு மக்களையும் ஒன்றாகவே பேசினார். நாம் ஒன்றை மட்டும் எடுத்துக் கொண்டோம். காட்டில் வாழ்வோரின் உரிமையை ஏற்கும் சட்டம் 2006ஆம் ஆண்டில்தான் வந்தது. ஊர்தோறும் மக்களின் வாயிலாகவே செடி கொடிகளின் பதிவேடு எழுதப்பட வேண்டும் என்னும் ஏற்பாட்டிற்கு 2002ஆம் ஆண்டின் உயிரியற் பல்வகைமைச் சட்டம் வழி செய்தது. அதனை நடத்தும் தேசிய ஆணையம் சென்னையிலேயே அமைந்துள்ளது. அம்மையார் இருந்திருப்பின் முதற்பதிவேட்டைத் தாமே எழுதத் தொடங்கியிருப்பார் என்று எண்ணிக் கொள்கிறேன்.

மலையில் உள்ள காட்டைப் பற்றி நமக்கென்ன என்று அம்பத்தூர் வாசகர் எவரும் நினைக்க மாட்டார். அம்பத்தூர் ஏரி நிரம்பினால் உபரிநீர் கொரட்டூர் ஏரிக்குச் செல்லும். அங்கிருந்து மாதவரம் இரட்டை ஏரிக்குச் செல்லும். பழைய காலத்து நீர்வழி அது. தொழிற்பேட்டை வந்தது, நம் வீட்டுப் பிள்ளைகளுக்கும் வேலை தந்தது. அதன் கழிவுநீரும் குடியிருப்புகளின் சாக்கடையும் கொரட்டூர் ஏரியில் கலந்தன. ஏரிக்கரையில் வாழ்வோர் சங்கமாகக் கூடிப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வுக்குச் சென்றனர். நாற்றம் அடிக்கிறது என்று சொன்னால் மட்டும் தீர்ப்பாயம் ஏற்காது. நீரை எடுத்து ஆய்ந்து எண்ணாகக் காட்ட வேண்டும். அந்த எண்ணைத் தருவது அரசின் ஆய்வகம். அங்கே நுண்ணோக்கியின் முன் அமர்ந்திருப்பவர் உண்மையை எழுதினால் ஏரிக்கரை ஏழைக்கு ஒரு துணை. எழுதாவிடில் அவருக்கு வேறு கதியில்லை.

அம்மையாரின் பெயரால் ஜம்முவில் ஓர் உலர்தாவரக் காப்பகம் உள்ளது. வகைப்பாட்டியல் அறிஞர்க்கு நடுவண் சுற்றுச்சூழல் அமைச்சகம் அவர் பெயரால் விருது வழங்கி வருகிறது. கொடைக்கானலில் ரோசா வளர்க்கும் வீரராகவன், கிரிஜா இணையர் மென்மஞ்சள் நிற ரோசா வகை ஒன்றை உண்டாக்கி அவர் பெயரைச் சூட்டியுள்ளனர். தம் வாழ்க்கையை எவரும் பெரிதாக எழுத வேண்டுவதில்லை, தம் பணி எஞ்சினால் போதும் என்றே அவர் கருதினார். ஆதலால் இக்கட்டுரையையும் அவர் விரும்பியிருக்க மாட்டார்.

சென்ற ஆண்டு என் பேரனோடு ஆட்டோவில் மதுரவாயல் சென்றிருந்தேன். தேநீர்க் கடைக்காரரிடமும் பழம் விற்கும் அம்மாவிடமும் ஜானகி அம்மாள் என்று கேட்டேன், ஒருவருக்கும் தெரியவில்லை. பல்கலைக்கழக இடம் என்று கேட்டதும் பழக்கார அம்மா கையை நீட்டி, மரம் நிறைய இருக்கிற பக்கம் என்று காட்டினார்.